பால்சோறும் பூனையின் உடலும்

"பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்" என்று இருபக்கமும் நல்லவராக நடப்பவரைக் குறிக்கும் பழமொழியில், பூனை என்றால் பாலுக்கு அலைவது என்பது விளக்கம் வேண்டாத உண்மையாக எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டு வீடுகளில் பூனைக்கு வைக்கப்படும் தட்டும் அந்த நம்பிக்கையை ஒட்டியே அமைந்தது. காலையில் பால்சோறு, மதியம் தயிர்சோறு, மீன் வாங்கிய நாளில் தலையும் குடலும், கோழி வாங்கிய நாளில் எலும்பு. இவற்றைத் தின்றே எங்கள் வீட்டுப் பூனை பல ஆண்டுகள் நலமாக இருந்தது என்று சொல்பவர்கள் ஏராளம், அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பூனைக்குத் தட்டில் இருந்தது சிற்றுண்டி மட்டுமே. அதன் முழுச் சாப்பாடு நெற்குதிரின் அடியிலும் ஓட்டுக்கூரையின் மேலும் மாட்டுத்தொழுவத்திலும் இருந்தது. எலியும் சுண்டெலியும் பல்லியும் ஓணானும் அணிலும் வெட்டுக்கிளியும்தான் அதை உண்மையில் வளர்த்தன. பிழைக்காமல் போன குட்டிகளை யாரும் கணக்கில் வைத்துக்கொள்ளவும் இல்லை.

இன்று சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் அடுக்ககங்களில், பால்கனிக்கு வலையடித்து வளர்க்கப்படும் பூனைக்கு அந்த மறைவான சாப்பாடு இல்லை. வண்டியில் அடிபடாமலும் வெறிநாய்களிடம் சிக்காமலும் இருக்க வீட்டுக்குள் வளர்ப்பதே நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் அப்படி வளர்க்கத் தொடங்கிய நாளிலிருந்து சிற்றுண்டித் தட்டு முழு உணவாக மாறிவிட்டது. உணவுக் குறைபாடுகள் பலவும் இந்த மாற்றத்தைக் கவனிக்காததிலிருந்தே வருகின்றன. பூனைக்கு என்ன தரலாம் என்ற கேள்விக்குப் பட்டியலால் விடை சொல்வதைவிட, அதன் உடல் எதையெல்லாம் தானே செய்துகொள்ளும் திறனை இழந்திருக்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது. மற்றவை அதிலிருந்து தாமே விளங்கும்.

வீட்டுப் பூனையின் மூதாதை, மேற்கு ஆசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வறண்ட நிலங்களில் வாழ்ந்த காட்டுப்பூனை. சிறு விலங்குகளை முழுதாகத் தின்று, தலைமுறை தலைமுறையாக அதிலேயே எல்லாச் சத்தையும் பெற்ற விலங்கு அது. எப்போதும் உணவிலேயே கிடைக்கும் ஒரு பொருளை உடலுக்குள் உருவாக்கும் திறன் தேய்ந்துபோனாலும் அதனால் அதற்கு இழப்பு இருக்கவில்லை. காய்கறியில் உள்ள பீட்டா கரோட்டினை மனித உடலும் நாயின் உடலும் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். பூனையால் அது முடியாது, ஆகவே கேரட்டும் கீரையும் அதன் கண்ணுக்கு எந்த உதவியும் செய்வதில்லை. வெயிலில் படுத்துக் கிடக்கும் பூனையின் தோலில் போதிய அளவு வைட்டமின் டி உருவாவதில்லை. புரதத்தின் ஒரு கூறான டிரிப்டோபனிலிருந்து நியாசின் என்ற வைட்டமினைச் செய்துகொள்ளவும், தாவர எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலத்தை, தன் உடலுக்கு வேண்டிய அராக்கிடோனிக் அமிலம் என்ற இன்னொரு கொழுப்பு அமிலமாக மாற்றிக்கொள்ளவும் அதற்கு இயல்வதில்லை, அல்லது மிகக் குறைவாகவே இயல்கிறது. இனிப்பை உணரும் ஏற்பிக்குத் தேவையான இரண்டு மரபணுக்களில் ஒன்று பூனையில் செயலிழந்து கிடக்கிறது என்பது 2005இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. பாயசத்தை நக்கும் பூனைக்குப் பிடித்தது அதிலுள்ள பாலின் கொழுப்பாக இருக்கலாமே தவிர, சர்க்கரையாக இருக்க வழியில்லை.

இவற்றுள் டாரின் என்னும் அமினோ அமிலத்தின் கதை சற்று விரிவாகச் சொல்லத் தக்கது. கொழுப்பைச் செரிக்கப் பித்தநீரில் சேர்க்க வேண்டிய பொருளாகப் பூனையின் உடல் டாரினை மட்டுமே பயன்படுத்துகிறது. அது குறைந்தால் மாற்றுப் பொருளுக்குத் தாவ அதனால் முடியாது. ஆக, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் டாரின் கழிந்துகொண்டே இருக்கும், உடலோ அதைப் போதிய அளவு உருவாக்காது. 1975இல் அமெரிக்க ஆய்வாளர்கள், கேசினை மட்டுமே புரதமாகக் கொண்ட உணவைத் தின்ற பூனைகளின் விழித்திரை சிதைவதையும், அதற்குக் காரணம் டாரின் குறைபாடு என்பதையும் கண்டறிந்தார்கள். கேசின் என்பது பாலின் முதன்மைப் புரதம் என்பதைப் பால்சோறு வைக்கும் வீட்டார் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். 1987இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள். இதயத் தசை தளர்ந்து விரிந்து பூனைகள் இறந்துகொண்டிருந்த நோய்க்கும் அதே குறைபாடே காரணமாக இருந்தது. அந்தப் பூனைகள் தின்றது பால்சோறு அல்ல, போதிய டாரின் இருப்பதாகக் கருதப்பட்ட தொழிற்சாலை உணவு. டாரினைக் கூடுதலாகக் கொடுத்தபோது தளர்ந்த இதயங்கள் பல மீண்டன. அதன்பிறகு நிறுவனங்கள் அளவை உயர்த்தின, அந்த நோயும் அரிதாயிற்று.

விழித்திரை கெடுவதற்கும் இதயம் தளர்வதற்கும் மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ ஆகும். தயிர்சோற்றைத் தின்று துள்ளிக்கொண்டிருக்கும் பூனையைப் பார்த்து அது நலமாக இருப்பதாக முடிவு செய்வதில் உள்ள ஆபத்து இதுதான்.

பூனையின் கல்லீரல் புரதத்தை எரித்து ஆற்றலாக மாற்றும் வேலையை ஓய்வின்றிச் செய்துகொண்டே இருக்கும். நாமும் நாயும் புரதம் குறைவாகக் கிடைக்கும் நாட்களில் அந்தச் செலவைக் குறைத்துக்கொள்வோம். பூனையால் அப்படிப் பெரிதாகக் குறைத்துக்கொள்ள முடியாது. உணவில் போதிய புரதம் இல்லையென்றால் தன் தசையையே எரிக்கத் தொடங்கும். இரை தேடி வாழும் பூனைகளின் உணவை ஆராய்ந்தவர்கள், அதன் ஆற்றலில் பாதிக்குச் சற்று மேல் புரதத்திலிருந்தும் மீதி ஏறத்தாழ முழுவதும் கொழுப்பிலிருந்தும் வருகிறது என்றும், மாவுச்சத்தின் பங்கு 2 விழுக்காட்டளவே என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். 100 கிராம் சோற்றில் சுமார் 130 கிலோகலோரி இருக்கும், புரதமோ 3 கிராமுக்கும் குறைவு. சோறு பூனைக்கு நஞ்சு அல்ல, வெந்த மாவுச்சத்தை அது ஓரளவு செரித்துக்கொள்ளவும் செய்யும். வயிற்றை நிரப்பி, வேண்டியதைத் தின்ன இடமில்லாமல் செய்துவிடுவதுதான் சோற்றின் குறை. பாலுக்கு இன்னொரு குறையும் உண்டு. தாய்ப்பால் மறந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுவதால் வயிற்றுப்போக்கு வரும். எல்லாப் பூனைகளுக்கும் வருவதில்லை என்பதால் இந்தப் பழக்கம் நீடிக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு, சரி, இனி வெறும் கறிதான் என்று முடிவெடுப்பவர்கள் அடுத்த குழியில் விழுகிறார்கள். எலும்பில்லாத கோழிக்கறியை வேகவைத்து, அதை மட்டுமே வைத்து வளர்க்கும் பழக்கம் நகரங்களில் பரவியிருக்கிறது. சோற்றைவிட இது எவ்வளவோ உயர்ந்தது என்று தோன்றுவதும் இயல்பு. ஆனால் பூனையின் உடல் எதிர்பார்ப்பது முழு இரையை. எலியைத் தின்னும் பூனை அதன் எலும்பையும் கல்லீரலையும் இதயத்தையும் குருதியையும் சேர்த்தே தின்கிறது. தசையை மட்டும் பிரித்தெடுத்தால், அதில் பாஸ்பரஸ் கால்சியத்தைப்போல 15 மடங்கோ அதற்கும் மேலோ இருக்கும். உணவில் இரண்டும் ஏறத்தாழச் சம அளவில், கால்சியம் சற்றுத் தூக்கலாக இருக்க வேண்டும். கால்சியம் போதாதபோது உடல் அதை எலும்பிலிருந்து உருவிக்கொள்ளும். வளரும் குட்டிகளில் இது சில வாரங்களிலேயே தெரியும். நடக்கத் தயங்கும், தொட்டால் கத்தும், சோபாவிலிருந்து குதித்ததற்கே கால் முறியும். முறிந்த காலோடு மருத்துவரிடம் வரும் குட்டிகளில், விபத்து எதுவுமின்றி உணவாலேயே எலும்பு மெலிந்தவையும் உண்டு.

வேகவைக்கும் முறையிலும் கவனம் வேண்டும். டாரின் நீரில் கரையும் பொருள் என்பதால், கறியை வேகவைத்த நீரைக் கொட்டிவிட்டால் அதில் ஒரு பகுதி சாக்கடைக்குப் போய்விடும். கோழியின் நெஞ்சுக்கறியில் டாரின் குறைவு, தொடைக்கறியிலும் இதயத்திலும் மிகுதி. நாம் உயர்ந்ததென்று எண்ணித் தரும் துண்டு பூனைக்கு உயர்ந்ததாக இருப்பதில்லை. கறிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் ஈரலை நாள்தோறும் வைப்பதும் தவறு. ஈரலில் குவிந்திருக்கும் வைட்டமின் ஏ உடலில் தேங்கி, மாதங்கள் செல்லச் செல்லக் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று இறுகிப்போகும், பூனை குனிந்து தன் உடலை நக்கித் துடைக்கவும் முடியாத நிலைக்கு வரும். வாரத்தில் ஓரிரு முறை சிறு துண்டு என்றால் கேடில்லை. வெந்த எலும்பு எந்த நாளும் வேண்டாம். அது ஊசிபோல் சிம்புசிம்பாகப் பிளந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும்.

மீனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கடற்கரை ஊர்களில் பூனை உணவு என்றாலே மீன்தான். பாலைவனத்து விலங்கின் வழிவந்த பூனைக்கு மீன் இயற்கை உணவு அல்ல. பிடிக்கிறது என்பது வேறு, பொருந்துகிறது என்பது வேறு. மத்தி, நெத்திலி இனக் குடும்பங்களைச் சேர்ந்த மீன்கள் பலவற்றில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. பச்சையாகத் தின்றால் அது வைட்டமின் பி1ஐச் சிதைத்துவிடும். அந்தக் குறைபாடு முற்றிய பூனை தலையை மார்போடு கவிழ்த்துக்கொண்டு தள்ளாடும், வலிப்பும் வரும். வேகவைத்தால் நொதி அழிந்துவிடுவதால் மீனை உப்பும் மசாலாவும் இன்றி அவித்துத் தருவதே முறை. எண்ணெய்ச்சத்து மிகுந்த மீனையே முழு உணவாக வைத்தால் வைட்டமின் இ பற்றாமல் தோலடிக் கொழுப்பு வீங்கி, தடவிக்கொடுத்தாலே பூனை வலியில் துடிக்கும். ஆகவே மீன் வாரத்தில் சில முறை, துணை உணவாக இருக்கட்டும். கருவாட்டில் உள்ள உப்பு பூனைக்கு ஒத்துவராது.

நம் சட்டியிலிருந்து எடுத்துத் தரும் எதற்கும் ஒரு பொதுத் தடை உண்டு. சின்ன வெங்காயமும் பூண்டும் இல்லாத மீன்குழம்போ கறிக்குழம்போ நம்மிடம் இல்லை. இவ்விரண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்கும். சமைத்தாலும் அரைத்துப் பொடியாக்கினாலும் அந்தத் தன்மை போகாது. குழம்பில் கிடந்த மீனைக் கழுவிக் கொடுப்பதால் பயனில்லை. தாளிப்பதற்கு முன்பே பூனையின் பங்கைத் தனியே எடுத்து வைத்துவிடுவதுதான் வழி. உணவு அல்ல என்றாலும் ஒன்றைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். காய்ச்சல் என்று எண்ணிப் பாராசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டைப் பூனைக்குக் கொடுப்பது அதைக் கொல்வதற்கு ஒப்பானது.

இனித் தண்ணீர். வறண்ட நிலத்து மூதாதையிடமிருந்து வந்த தாக உணர்வு பூனைக்கு மந்தமானது. இரையின் உடலில் முக்கால் பங்குக்கு நெருக்கமாக நீர் இருந்ததால் தனியாகக் குடிக்கும் தேவை அதற்குக் குறைவாகவே இருந்தது. கடையில் விற்கும் உலர் உணவில் நீர் சுமார் 10 விழுக்காடோ அதற்கும் குறைவோ. ஈர உணவில் 75 முதல் 80 விழுக்காடு. உலர் உணவு தின்னும் பூனை கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும் என்றாலும், மொத்தத்தில் ஈர உணவு தின்னும் பூனையின் அளவுக்கு நீர் அதன் உடலில் சேர்வதில்லை. சிறுநீர் அடர்த்தியாகும், அடர்த்தியான சிறுநீரில் படிகங்கள் உருவாக வாய்ப்பு மிகும். மக்னீசியம் சார்ந்த கற்கள் பெருகிய காலத்தில் நிறுவனங்கள் உணவில் மக்னீசியத்தைக் குறைத்து, சிறுநீரின் அமிலத்தன்மையைக் கூட்டின. அந்தக் கற்கள் குறைந்தன, ஆனால் கால்சியம் ஆக்சலேட் கற்கள் மிகுந்தன. நீரைக் கூட்டுவதுதான் இரண்டு வகைக்கும் பொதுவான தற்காப்பு. சென்னை வெயிலில் உலர் உணவை மட்டும் வைப்பவர்கள், நாளில் ஒரு வேளையாவது ஈர உணவு தருவதும், உணவுத் தட்டிலிருந்து தள்ளி இரண்டு மூன்று இடங்களில் அகன்ற கிண்ணங்களில் நீர் வைப்பதும் நல்லது. கடுவன் பூனை மணல்தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. அடைப்பு இரண்டொரு நாளில் உயிரைக் குடித்துவிடும்.

பாக்கெட் உணவு வாங்குபவர்கள் முகப்பில் உள்ள படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்துச் சிறிய எழுத்தைப் படிக்க வேண்டும். முதலில் தேட வேண்டியது அது முழுமையான உணவா, துணை உணவா என்பதை. கறித்துண்டுகள் தெளிவாகத் தெரியும் விலையுயர்ந்த டப்பாக்களில் சில துணை உணவுகளே. அவற்றை மட்டுமே வைத்து வளர்த்தால் முன்சொன்ன குறைபாடுகள் அனைத்தும் வரிசையில் வரும். அடுத்து, எந்த வயதுக்கானது என்பது. அமெரிக்காவில் பின்பற்றப்படும் அளவுகோலின்படி, நீரை நீக்கிய எடையில் வளர்ந்த பூனைக்கு 26 விழுக்காடும், குட்டிக்கும் சினைப்பூனைக்கும் 30 விழுக்காடும் புரதம் இருக்க வேண்டும். டாரின் உலர் உணவில் 0.1 விழுக்காடு, டப்பா உணவில் அதன் இருமடங்கு. டப்பாவில் அடைத்து மிகுவெப்பத்தில் பதப்படுத்தும்போது, குடலில் உள்ள நுண்ணுயிரிகள் டாரினைக் கூடுதலாக அழிக்கும் வகையில் உணவு மாறிவிடுவதே அந்த இருமடங்குக்குக் காரணம். உலர் உணவின் உறையில் புரதம் 32 என்றும் ஈர உணவின் உறையில் 10 என்றும் இருப்பதைப் பார்த்து முன்னதே சத்தானது என்று எண்ணுபவர்கள் நீரைக் கணக்கில் எடுப்பதில்லை. 80 விழுக்காடு நீருள்ள ஈர உணவில் மீதமிருப்பது 20 பங்கு; அதில் 10 பங்கு புரதம் என்றால் சரிபாதி. 10 விழுக்காடு நீருள்ள அந்த உலர் உணவுக்கு அதே கணக்கைப் போட்டால் சுமார் 36 விழுக்காடுதான் வரும்.

உறையில் உள்ள எண்ணும் முழு உண்மை அல்ல. அங்கே குறிக்கப்படும் புரதம், உணவில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கிக் கிடைக்கும் மதிப்பு மட்டுமே. நைட்ரஜன் மிகுந்த மெலமைன் என்ற தொழிற்சாலை வேதிப்பொருளைக் கோதுமைப் புரதத்தில் கலந்து இந்த எண்ணை உயர்த்திக் காட்டிய மோசடியால், 2007இல் வட அமெரிக்காவில் பூனைகளும் நாய்களும் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. அதனால் எண்ணோடு, மூலப்பொருள் பட்டியலின் தொடக்கத்தில் பெயர் சொல்லி ஓர் இறைச்சி இருக்கிறதா என்று பார்ப்பது பயன் தரும். தானியமில்லாதது என்ற விளம்பரத்துக்கு நான் பெரிய மதிப்புத் தருவதில்லை. அரிசிக்குப் பதில் உருளைக்கிழங்கும் பட்டாணியும் வந்திருக்குமே ஒழிய மாவுச்சத்து குறைந்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. நாய் உணவு மலிவு என்பதற்காக அதைப் பூனைக்கு வைப்பது மட்டும் கூடவே கூடாது. நாய் தன் டாரினைப் பெரும்பாலும் தானே செய்துகொள்ளும் என்பதால் நாய் உணவில் பூனைக்கு வேண்டிய அளவு இருக்காது.

பச்சை இறைச்சியே இயற்கையானது என்று வாதிடுபவர்கள், 1930களிலும் 40களிலும் கலிபோர்னியாவில் பாட்டெஞ்சர் என்ற மருத்துவர் நடத்திய சோதனையைச் சான்றாகக் காட்டுவார்கள். சமைத்த இறைச்சி தின்ற பூனைகள் தலைமுறைதோறும் நலிந்தன என்பது அதன் முடிவு. பூனைக்கு டாரின் இன்றியமையாதது என்று எவரும் அறியாத காலம் அது. சமைத்ததால் குறைந்த சத்து எது என்று தெரிந்து அதைச் சேர்த்துக்கொடுக்க இன்று முடிகிறது. பச்சைக் கோழியில் சால்மொனெல்லா கிருமி இருக்க வாய்ப்பு மிகுதி. பறவைக் காய்ச்சலும் இப்போது சேர்ந்திருக்கிறது. 2023இல் போலந்தில் பூனைகள் அந்தக் காய்ச்சலால் கூட்டமாக இறந்தபோது பச்சைக் கோழிக்கறி மீது ஐயம் எழுந்தது. 2024இன் இறுதியில் அமெரிக்காவில் பச்சை உணவு தின்று இறந்த பூனையின் உடலிலும் அந்த உணவிலும் ஒரே வைரஸ் இருப்பது உறுதியாயிற்று. நம் ஊர்க் கறிக்கடையில் குளிர்ப்பெட்டியின்றி வெட்டப்படும் கோழியை வேகவைக்காமல் தருவதற்கு நல்ல காரணம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை.

சைவ வீடுகளில் எழும் சங்கடம் வேறு வகையானது. டாரினைச் செயற்கையாகத் தயாரிக்க முடியும் என்பதால் தாவர உணவாலேயே பூனையை வளர்த்துவிடலாம் என்ற கருத்து அண்மையில் வலுப்பெற்று வருகிறது. ஆனால் அதற்கு ஆதரவாகக் காட்டப்படும் ஆய்வுகளில் பெரும்பகுதி வளர்ப்பவர்களின் வாய்மொழியை நம்பியவை, நீண்டகாலக் கட்டுப்பாட்டுச் சோதனைகள் அல்ல. வீட்டுச் சமையலில் டாரினோடு அராக்கிடோனிக் அமிலம், வைட்டமின் ஏ, நியாசின் என ஒவ்வொன்றையும் அளந்து சேர்ப்பது நடைமுறையில் நடக்காத காரியம். தயிர்சோற்றுக்கு மாறாக முழுமையான பாக்கெட் உணவை அதற்கென்று ஒதுக்கிய தட்டில் வைத்துவிடுவதே பூனைக்கும் வீட்டாரின் நெறிக்கும் ஓரளவு இடம் தரும் ஏற்பாடு. அசைவ வீட்டில் தினமும் சமைத்துத் தர விரும்புபவர்களுக்கும், பாக்கெட் உணவை அடிப்படையாக வைத்து, நாளின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்குள் அவித்த கறியையோ மீனையோ சேர்ப்பதே பாதுகாப்பானது. முழுவதும் வீட்டுச் சமையல்தான் என்றால் கால்சியத்தையும் டாரினையும் வைட்டமின்களையும் கணக்கிட்டுத் தரும் கால்நடை மருத்துவரின் துணை வேண்டும்.

அளவைப் பற்றிச் சிலவே சொல்லப் போதும். கருத்தடை செய்த, வீட்டுக்குள்ளேயே வாழும் 4 கிலோ பூனைக்கு ஒரு நாளில் 200 கிலோகலோரிக்கு அருகில் போதும். அது உலர் உணவில் 50 முதல் 60 கிராம். ஒரு சுண்டெலியில் சுமார் 30 கிலோகலோரி இருக்கும் என்பதால், இயற்கையில் பூனை ஒரு நாளில் ஆறேழு முறை சிறிது சிறிதாகத் தின்னும் விலங்கு என்பது விளங்கும். அந்த 60 கிராமை நான்கைந்து வேளையாகப் பிரித்து வைக்கலாம். கிண்ணத்தை நிரப்பி வைத்துவிட்டு அலுவலகம் போவதுதான் பூனை பெருப்பதற்கு முதற்காரணம். கருத்தடைக்குப் பின் ஆற்றல் தேவை குறையும், பசியோ கூடும். விலாவைத் தடவினால் எலும்புகள் கைக்குத் தட்டுப்பட வேண்டும். பருத்த பூனையைப் பட்டினி போட்டு இளைக்கவைக்க முயல்வது பேராபத்து. சில நாட்கள் தின்னாமல் இருந்தாலே உடற்கொழுப்பு கல்லீரலில் வந்து குவிந்து உயிருக்கு உலை வைக்கும். பிடிக்காத புதிய உணவை வைத்துவிட்டு, பசித்தால் தானே தின்னும் என்று விட்டுவிடுவதும் அதே காரணத்தால் தவறு. பழைய உணவோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரம், பத்து நாளில் மாற்ற வேண்டும். ஒரு முழுநாள் எதையும் தொடவில்லை என்றால் மருத்துவரை அழைக்க வேண்டும்.

பத்து வயதைக் கடந்த பூனைக்கு இந்தக் கணக்குகள் சற்று மாறும். செரிமானம் தளர்வதால் நல்ல புரதம் குறையாமல் கிடைக்க வேண்டும், வயதாகிவிட்டது என்று கறியைக் குறைத்துச் சோற்றுக்குத் திரும்புவது தசையை உருக்கும். அதே வயதில் சிறுநீரகம் பழுதடைவதும் மிகுதி. பழுது உறுதியானால் பாஸ்பரஸைக் குறைத்த தனி உணவு வாழ்நாளை நீட்டும், உறுதியாகும் முன்பே அந்த உணவைத் தொடங்குவதில் பொருளில்லை. முன்னைவிட மிகுதியாகத் தின்றும் இளைத்துக்கொண்டே வரும் கிழப்பூனைக்குத் தைராய்டு மிகையோ நீரிழிவோ இருக்கக்கூடும் என்பதால், தட்டில் கூடுதலாகப் போடுவதற்கு முன் குருதியையும் சிறுநீரையும் பரிசோதித்துவிட வேண்டும்.